சத்தியம் செய்யாதவர்கள்

இன்னும் நாலு ஜோடி. அப்புறம் கால் கழுவுகிற அந்தப் பேசின் இங்கே வந்துவிடும். வந்தால், வலப்பக்கத்து நாற்காலியில் கழியை முழுங்கினாற்போல உட்கார்ந்திருக்கிற லோவிசாள் டீச்சரின் முன்னால் மண்டியிட வேண்டும், அந்தக் காலைத் தன் கையில் ஏந்த வேண்டும் என்று நினைத்ததுமே எப்சிபாவுக்கு வாயெல்லாம் கசந்தது. காலையில் குடித்த காபியோ. இல்லை, காபிக்கு இத்தனை கசப்பு கிடையாது. கர்த்தாவே, என்று உள்ளுக்குள் ஆரம்பித்தாள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அடுப்பு பற்றவைக்கும் முன்னால் முழங்காலில் நிற்காத நாளே இல்லாதவள், புருஷன் நத்தானியேல் ஆஸ்பத்திரியில் மூச்சை விட்ட அன்றைக்கும் வாய் ஓயாமல் ஜெபித்தவள், இன்றைக்குக் கர்த்தாவே என்ற சொல்லோடு நின்றுபோய், எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிற காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் உலகத்து முகமெல்லாம் இருந்தது. வெள்ளைக் குல்லாய் போட்ட பெண்கள், டிரம் அடிக்கிற கறுப்புப் பிள்ளைகள், தொப்பியும் தாடியுமாக ஒரு கிழவர், கீழே பெரிய எழுத்தில் 'நாம் ஒரே குடும்பம்'. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா தேசத்து மெனோனைட் சபைகளும் ஒருவருக்கொருவர் ஜெபிக்கிற நாள் இது. வேறு வருஷங்களில் காகிதம் மட்டும்தான் வரும். இந்த வருஷம் ஆட்களே வந்துவிட்டார்கள், பாலாற்றுப் பாலம் தாண்டி, ஷூ கம்பெனிகளின் தோல் நாற்றத்தைத் தாண்டி, இந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில். அவர்களுக்காகத்தான் காலை ஆராதனைக்காரர்களும் சாயந்தர ஆராதனைக்காரர்களும் இன்றைக்கு ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அவளையும் டீச்சரையும் ஒட்ட வைத்திருக்கிறார் பாஸ்டர் எசேக்கியா. நேற்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "எப்சிபாம்மா, நீங்களும் டீச்சரும் ஜோடி. வந்தவங்க கண்ணால பாக்கணும். இது ஒண்ணு நடந்துட்டா சாயந்தரமே ஆமோஸ் விஷயத்த கூட்டத்துல வைக்கிறேன். உங்க புள்ள திரும்ப அப்பப் பந்திக்கு வரலாம். பேத்திய ஆலயத்துல கர்த்தருக்குப் பிரதிஷ்டை பண்ணலாம். எல்லாம் உங்க முழங்கால்ல இருக்குது." முழங்கால்தானே. நாற்பது வயசுக்கு மேல் ஷூ கம்பெனியில் மிஷின் மிதித்துத் தேய்ந்த முழங்கால். அதை மடக்கினால் மகன் திரும்பி வருவான் என்றால் நூறு தரம் மடக்கலாம். ஆனால் இவள் முன்னாலா.

தண்ணீர் சலசலத்தது. முதல் ஜோடி எழுந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, கன்னத்தில் முத்தம் வைத்து, "சமாதானம்க்கா", "சமாதானம்மா" என்றது. இதுதான் முறை. அப்பம் பிட்கும் முன்னால் கால் கழுவ வேண்டும். பக்கத்தில் இருக்கிறவள் யாரோ அவள் காலை. மனசில் ஒருத்தி மேல் வருத்தம் இருந்தால் அவளோடு சரிசெய்யாமல் அப்பத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ஆக்கினைதான். சின்ன வயசில் இதைக் கேட்டபோது எத்தனை சுலபமாக இருந்தது. அப்போதெல்லாம் யார் மேல் என்ன வருத்தம் இருந்துவிடப்போகிறது. எவளோ ரிப்பன் எடுத்துக்கொண்டாள் என்று. எப்சிபா கண்ணைத் தாழ்த்தினாள். வலப்பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போய் விழுந்தது. செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் ஜோடி சேர்த்து வைத்திருக்கிறாள், கிளாஸ் ரூமுக்கு வெளியே வைத்ததுபோல. கால் சுத்தமாக இருக்கிறது. நகம் ஒட்ட வெட்டி, குதிகால் தேய்த்து, சோப்பு வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. இதுதான் சிரிப்பு. அழுக்குக் காலைக் கழுவுகிற சடங்குக்கு அழுக்குக் காலை ஒருத்தியும் கொண்டு வருவதில்லை. எல்லாரும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தானும் அப்படித்தானே. விடிகாலையில் கல்லில் தேய்த்த இடம் இன்னும் எரிகிறது. சுத்தமான காலைச் சுத்தமான கை கழுவி, சுத்தமான தேங்காய்ப்பூத் துண்டில் துடைத்து. அழுக்கு எங்கே இருக்கிறதோ அதை மட்டும் ஒருவரும் பேசினுக்குள் எடுத்து வைப்பதில்லை. இந்தக் காலில்தான் இவள் அன்றைக்கு எழுந்து நின்றாள். சபைக் கூட்டத்தில் மூப்பர்கள் எல்லாரும் வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தபோது, ரிட்டயர் ஆன இங்கிலீஷ் டீச்சர், ஒரு பெண்பிள்ளை, இந்த ரெண்டு காலில் எழுந்து நின்று, "ஆமோஸ் எங்கிட்ட ஞாயிறு பள்ளிக்கூடம் படிச்ச புள்ள. எனக்கும் அவன் மேல பிரியம் உண்டு. ஆனா ஆயுதம் எடுக்கிறதில்லன்னு தண்ணில இறங்கி வாக்குக் குடுத்துட்டு, லத்திய எடுத்தவன் நம்ம பந்தில உக்கார முடியாது. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்" என்றாள். பிரியம் உண்டாம். பிரியத்தை வைத்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற கத்தி இது. புருஷன் போய், ஆமோஸின் தங்கை கல்யாணம் முன்னால் நிற்க, ஷூ கம்பெனியில் ஆள் குறைத்த வருஷம் அது. பரீட்சை எழுதி பாஸ் பண்ணினான் பிள்ளை. போலீஸ் வேலை. அவன் யாரைச் சுட்டான். யாரை அடித்தான். டிராபிக்கில் நின்று கையை ஆட்டினான், அவ்வளவுதான். அதற்குச் சபை நீக்கம்.

மூன்று ஜோடி. குரூசம்மா குனியவே முடியாமல் குனிகிறாள், பின்னால் யாரோ "ஏம்மா, பாத்து, பேசின்ல உக்காந்துடப் போறே" என்று கிசுகிசுக்க, பக்கத்தில் ரெண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எப்சிபாவுக்கும் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. நத்தானியேல் இருந்தால் சிரிக்க வைத்திருப்பான். அவன்தான் எப்போதும் சொல்லுவான், நம்ம பேரைச் சொல்லிப் புரியவைக்கிறதுக்குள்ள ஒரு ஆயுசு போயிடும்னு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனபோது அந்தக் கிளார்க், "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்று கேட்க, இவன், "மெனோனைட்டுங்க" என்றான். "இன்னாது?" "மெனோனைட்." "பெந்தெகொஸ்தேவா?" "இல்லீங்க." "அப்ப இன்னாதான் நீங்க?" நத்தானியேல் கொஞ்சம் யோசித்து, "நாங்க சண்டை போடாதவங்க" என்றான். கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வூட்லயுமா?" என்று கேட்க, எப்சிபா அங்கேயே சிரித்துவிட்டாள். சண்டை போடாதவங்க. ராணுவத்துக்குப் போகாதவங்க. கோர்ட்டில் கைவைத்துச் சத்தியம் பண்ணாதவங்க. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல, அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்னு வாழுறவங்க. அதற்காக எந்தெந்தத் தேசத்திலோ ஆற்றில் அமுக்கிக் கொன்றார்களாம், நாக்கை இறுக்கிக் கட்டி எரித்தார்களாம். எல்லாம் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் படம் போட்டுச் சொல்லுவாள் இந்த டீச்சர். ஆமோஸ் அதைக் கேட்டுவிட்டு வந்து ராத்திரி தூக்கத்தில் அழுவான். அப்படி உயிரைக் கொடுத்தவர்களின் பேரை வைத்துக்கொண்டு, நாங்கள் இந்த ஊரில் என்ன செய்தோம். ஒரு கட்டடத்துக்குள் ரெண்டு ஆராதனை நடத்தினோம். ஆமோஸை நீக்கியது சரி என்கிறவர்கள் காலையில், தப்பு என்கிறவர்கள் சாயந்தரம். காலைக்காரர்கள் மிச்சம் வைத்த பூவைச் சாயந்தரக்காரர்கள் தூக்கிக் குப்பையில் போட்டோம். இவர்கள் பாடின பாட்டை அவர்கள் பாட மாட்டார்கள். கடையில் எதிரே பார்த்தால் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனோம். சண்டை போடாதவர்கள் போடுகிற சண்டைக்குச் சத்தமே கிடையாது. அதுதான் அதில் விசேஷம். கையை ஓங்கிவிட்டால் ஒரு நாளில் முடிந்துபோகும். ஓங்கக்கூடாதே. அதனால் வருஷக்கணக்காக நடக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், தூங்குமூஞ்சி மரத்தடியில் காக்கிச் சட்டை ஒன்று தெரிந்தது. எப்சிபா பார்க்காததுபோல் பார்த்தாள். அவன்தான். பந்தோபஸ்து. ரெண்டு கட்சியும் சேர்ந்து உட்காருகிறதால் ஏதாவது ஆகிவிடப்போகிறது என்று ஸ்டேஷனில் சொல்லி வைத்திருக்கிறார்களாம். முகம் தெரிந்த ஆள் என்று இவனையே அனுப்புகிறார்கள். அன்றைக்கும் இவனைத்தான் அனுப்பினார்கள். போன வருஷம் பெரிய வெள்ளி. அதை நினைக்கவே கூடாது என்று இந்த நாற்காலியில் உட்காரும்போதே தீர்மானம் பண்ணியிருந்தாள். ஆனால் நினைக்காதே என்ற இடத்தில்தான் மனசு போய்ப் போய்த் தட்டுகிறது, கழன்ற பல்லை நாக்கு தேடுகிற மாதிரி. கேட்டில் பூட்டு. காலைக்காரர்கள் உள்ளே. சாயந்தரக்காரர்கள் வெளியே, வெயிலில். மூன்று மணி ஆராதனை யாருக்கு என்று வாக்குவாதம். அப்புறம் ஜீப். ஜீப்பிலிருந்து இறங்கினது அவள் வயிற்றில் பிறந்தவன். லத்தியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, அம்மா முகத்தைப் பார்க்காமல், அம்மாவுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அம்மா, உள்ள போவாத. இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு. தயவு பண்ணி போவாத" என்றான். அவள் நெஞ்சில் அந்தக் கட்டை பட்டது. அழுத்தவில்லை. பட்டது, அவ்வளவுதான். இன்றைக்கும் குளிக்கும்போது அந்த இடத்தில் சோப்பு போடாமல் கை சுற்றிக்கொண்டு போகிறது. லத்தி எடுத்ததற்காக எவனை வெளியே தள்ளினார்களோ, அவன் லத்தியைத் தங்கள் வாசலுக்குக் காவல் வைத்துக்கொண்டார்களே. பாஸ்டர் எசேக்கியா ஓரமாக வந்து காதில் சொன்னார். "டீச்சர்தாம்மா ஸ்டேஷனுக்கு போன் போட்டது. எனக்கே அப்புறந்தான் தெரியும்." கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற லோவிசாளைப் பார்த்து எப்சிபா கத்தினாள். வாழ்க்கையில் அவள் ரோட்டில் கத்தினது அந்த ஒரு தரம்தான். அது வரைக்கும் "டீச்சரக்கா, வாங்க, போங்க" என்று கூப்பிட்ட வாய், "நீயா கூப்ட்டே? என் புள்ளயவா எம்மேல ஏவி வுட்டே?" என்று கேட்டது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் கூப்பிடல எப்சி" என்றாள். "சத்தியமா சொல்லு! உன் செத்துப்போன புருஷன் மேல சத்தியம் பண்ணி சொல்லு!" அவள் கம்பியை விட்டுவிட்டு, "நான் சத்தியம் பண்ண மாட்டேன். இல்லன்னு சொன்னேன்ல" என்றாள். அவ்வளவுதான் போதும். பண்ண மாட்டாளாம். பண்ணுவாளா, பொய்யாயிற்றே. அந்த நிமிஷத்தில் எப்சிபாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ரெண்டு ஜோடி. யாரோ புது வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஆவி கிளம்பியது. எப்சிபாவின் கை தானாக முந்தானை முடிச்சைத் தேடியது. வெறும் முடிச்சு. இனிமேல்தான் அதற்கு வேலை. நீக்கின நாளிலிருந்து அவள் ஒவ்வொரு பந்தியிலும் தன் அப்பத்தில் பாதியை வாயில் போட்டுக்கொண்டு பாதியை இந்த முடிச்சுக்குள் வைத்துக்கொள்கிறாள். வீட்டுக்குப் போய், யூனிபாரம் மாற்றிக்கொண்டு வருகிறவன் கையில் வைப்பாள். முதல் தரம் அவன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, திருட்டு அப்பமா? போலீஸ்காரன்கிட்டயே குடுக்கறியே" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே வாயில் போட்டான். போட்டபின் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு நெடுநேரம் மென்றான், ஒரு பட்டாணியளவு துண்டை. பாவம்தானோ இது. தெரியும், பாவம்தான். அவளுக்கும் பாவம், அவனுக்கும் பாவம். நீக்கப்பட்டவன் தின்றால் ஆக்கினை, தின்னக் கொடுத்தவளுக்கு அதைவிட. ராத்திரியில் விழிப்பு வரும்போதெல்லாம் அந்தத் துண்டு அவன் வயிற்றில் நெருப்பாக எரிகிறதாகத் தோன்றும். ஆனால் சின்ன வயசில் தன் வாய்ச்சோற்றை ஊட்டி வளர்த்தவள், இந்த ஒன்றை மட்டும் எப்படித் தனியாகத் தின்பாள். இன்றைக்கு மட்டும் இந்தக் காலைக் கழுவிவிட்டால் முடிச்சே வேண்டாம். அடுத்த பந்தியில் அவனே வந்து உட்காருவான், மடியில் மகள் யெமீமாவோடு. பத்து மாசக் குழந்தை, தட்டைப் பார்த்தால் பிடுங்கும். பிடுங்கட்டும். அதற்காக ஒரு நிமிஷம். கண்ணை மூடிக்கொண்டு, கல்லைத் தேய்க்கிறாற்போல் தேய்த்துவிட்டு எழுந்தால் முடிந்தது. எழுந்தபின் முத்தம் வைக்க வேண்டும். ஐயோ, முத்தம். சமாதானம்க்கா என்று சொல்ல வேண்டும். சமாதானம் இல்லையே. இல்லாததை இருக்கிறதென்று அப்பத்துக்கு முன்னால் நின்று சொல்கிறதும் ஆக்கினைதானே. கழுவாவிட்டால் மகன் வெளியே. கழுவினால் பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த லத்தி குறுக்கே நிற்கிறது. பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. லோவிசாள் குனியாமலே, உதடு அசையாமல், வகுப்பில் பேசுகிற பிள்ளையை அதட்டுகிற தொனியில், "வேர்க்குது உனக்கு. தலைப்பால தொடச்சிக்கோ" என்றாள். வேர்க்கட்டும். உனக்கென்ன. வேர்த்துச் சாகட்டும். "என் வேர்வைய நான் பாத்துக்கறேன்" என்றாள் எப்சிபா, அதே மாதிரி உதடு அசையாமல்.

அப்போதுதான் எல்லாம் கலைந்தது. முன்னால் சோபாவில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகளில் அந்தக் கறுப்பு அம்மாள், காங்கோ தேசத்திலிருந்து வந்தவள், திடீரென்று எழுந்தாள். அவளை அங்கே எல்லாரும் மாமா எஸ்தெல் என்றுதான் கூப்பிடுவார்களாம், அங்கே மாமா என்றால் அம்மாவாம். பாஸ்டர் மைக்கில் அதைச் சொன்னபோது பிள்ளைகள் பக்கம் ஒரே சிரிப்பு, "டேய், மாமா பொடவ கட்டினு வந்திருக்காருடா" என்று. புடவை இல்லை, பெரிய பெரிய பூப் போட்ட உடுப்பு, தலையிலும் அதே துணியில் முண்டாசு. அவள் யாரையும் கேட்கவில்லை. பேசினைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, வரிசை ஜோடி ஒன்றும் பார்க்காமல், எப்சிபாவின் முன்னால் பொத்தென்று மண்டியிட்டாள். பாஸ்டர் கையை நீட்டிக்கொண்டு ஓரடி வைத்து, விருந்தாளிகள் நிறுத்தி வைத்திருந்த கேமரா பக்கம் பார்த்து, நின்றுவிட்டார். கனமான உள்ளங்கை. வெந்நீர். எப்சிபாவின் பாதத்தில் மிஷின் பெடல் ஏற்றின காய்ப்பை அந்தக் கட்டைவிரல் கண்டுபிடித்து, அங்கே நின்று, மெல்லத் தடவியது. அந்த அம்மாள் ஏதோ முனகினாள், பாட்டோ ஜெபமோ, பாஷை தெரியாது, ஆனாலும் அடித்தொண்டையில் வந்த அந்தச் சத்தம் நெஞ்சில் கட்டை பட்ட இடத்தில் போய்த் தொட்டது. எப்சிபாவுக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் "தோத்திரம், தோத்திரம்" என்றார்கள். அவள் தானும் இறங்கி மண்டியிட்டு அந்தக் காலை வாங்கிக்கொண்டாள். வெடித்த குதிகால், அகன்ற விரல்கள், வீட்டில் கழுவாத கால், வேன் ஏறி இறங்கின புழுதியோடு வந்த கால். தண்ணீர் கலங்கியது. எத்தனை சுகமாக இருந்தது. அந்தக் காலுக்கு முத்தம்கூட வைக்கலாம் போலிருந்தது. கழுவிக்கொண்டே இருக்கும்போது, எங்கிருந்தென்று தெரியாமல் ஒரு குளிர்ந்த நினைப்பு வந்து உட்கார்ந்தது. இந்தக் கால் உன்னை மிதித்ததில்லை, அதனால்தான் இத்தனை பிரியம். கடல் தாண்டி இருக்கிறவளைக் கட்டிப்பிடிக்க என்ன பாடு. அவள் நாளைக்கு விமானம் ஏறிவிடுவாள். உலகம் முழுக்க ஒரே குடும்பம் என்று காகிதம் அடிக்கலாம், ஏனென்றால் உலகம் தூரத்தில் இருக்கிறது. அடுத்த தெருவில் இருக்கிறது இந்த மற்றக் கால், சோப்பு வாசனையோடு, காய்ந்து, காத்துக்கொண்டு. அழுகை நின்றுபோயிற்று. துண்டை எடுத்தாள்.

மாமா எஸ்தெல் எழுந்து அவளை அணைத்துக்கொண்டாள். அணைத்தபடியே ஒரு கையை நீட்டி லோவிசாளின் தோளையும் பிடித்தாள். யாரோ இவர்கள் கதையை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, தன் பாஷையில் மெதுவாக எதையோ கேட்டாள். கூட வந்திருந்த கனடாக்காரர் அதை இங்கிலீஷில் சொன்னார். பாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். "சகோதரி என்ன கேக்கறாங்கன்னா, அவங்க ஊர்ல பெரிய சண்டை வந்துச்சாம், ஒரே சபைல இருந்தவங்க ஒருத்தர் வீட்ட ஒருத்தர் கொளுத்தினாங்களாம். அதனால போற எடத்துல எல்லாம் இது ஒண்ண மட்டும் கேப்பாங்களாம். உங்க ரெண்டு பேருக்குள்ள சமாதானம் ஆயிடுச்சா?" சொல்லிவிட்டு, மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி, சிரித்த முகத்தோடு, "ஆமான்னு சொல்லுங்கம்மா" என்றார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆமா. ஒரு சொல். மூன்று எழுத்துகூட இல்லை. சொன்னால் சாயந்தரம் கூட்டம், அடுத்த மாசம் பந்தி, யெமீமா தட்டைப் பிடுங்குவாள். மரத்தடியில் காக்கிச் சட்டை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றது. அந்தக் கறுப்புக் கண்கள் ரொம்பப் பக்கத்தில் இருந்தன. மஞ்சள் பாய்ந்த, வீடு எரிகிறதைப் பார்த்த கண்கள். பிள்ளைக்காக அப்பத்தைத் திருடலாம், அதற்குத் துணிச்சல் இருக்கிறது. இந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல எங்கே போவது. வாய் திறந்தது. "இல்ல" என்றாள் எப்சிபா. தன் குரல்தானா என்று தெரியவில்லை. "இல்லீங்க. ஆவல." பாஸ்டரின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அவர் கனடாக்காரர் பக்கம் திரும்பி, மைக்கில், கணீரென்று, "யெஸ், யெஸ், பிரெய்ஸ் காட், ஷி சேஸ் யெஸ்" என்றார். பின்னால் கை தட்டினார்கள். தட்டலுக்கு நடுவில் நாற்காலி கிரீச்சிட்டது. லோவிசாள் டீச்சர் எழுந்து நின்றாள், அன்றைக்கு எழுந்து நின்றாளே, அதே மாதிரி, முதுகு வளையாமல். "நோ" என்றாள். முப்பது வருஷம் கிளாஸ் ரூம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்ட குரல். "ஷி செட் நோ. தேர் இஸ் நோ பீஸ்." பிறகு பாஸ்டரைப் பார்த்துத் தமிழில், "அவ இல்லன்னு சொன்னா, பாஸ்டர். இல்லன்னுதான் சொல்லணும்" என்றாள்.

கை தட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. பாஸ்டர் மைக்கின் வயரைக் குனிந்து பார்த்தார், அதில்தான் ஏதோ கோளாறு என்பதுபோல. எப்சிபா அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாள். தலை நடுவில் முடி கொட்டின வட்டம். காதில் சொன்ன வாய் அந்தத் தலையில்தான் இருக்கிறது. டீச்சர்தாம்மா போன் போட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த லோவிசாள் பொய் சொல்லமாட்டாள். பிள்ளைக்குப் பாடம் சொன்னாலும், பிள்ளையைப் பந்தியிலிருந்து தள்ளினாலும், தன் பக்கத்து ஆட்களுக்கு முன்னால் தன் மானமே போனாலும் இவளுக்குப் பொய் வராது. அப்படியென்றால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் நிஜம்தானே. ஐயோ. நான்தானே சத்தியம் கேட்டேன். சத்தியம் பண்ணாதவர்கள் வீட்டில் பிறந்து, சத்தியம் பண்ணாதவனுக்கு வாழ்க்கைப்பட்டு, சத்தியம் பண்ணவில்லை என்பதையே பொய்க்குச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒரு வருஷம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தேனே. அந்தக் கோபம் எத்தனை திடமாக இருந்தது, நாலு காலும் சரியான நாற்காலி மாதிரி. இப்போது ஒரு கால் போய்விட்டது. விழவும் மாட்டேன் என்கிறது, நிற்கவும் மாட்டேன் என்கிறது. இவள் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது, இதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாளே என்று. "அன்னைக்கி கூப்ட்டது நீங்க இல்லியா" என்று கேட்டாள், முன்னால் பார்த்தபடி. "அன்னைக்கே சொன்னேன்." "ஆமோஸ நீக்கணும்னு சொன்னது?" "அது நான்." "இப்ப கேட்டாலும் அதயேதான் சொல்லுவீங்களா?" டீச்சர் ஒரு மூச்சு விட்டாள். "ஆமா எப்சி. சொல்லுவேன்." "அப்ப எனக்கு உங்க கால கழுவ மனசு இல்ல டீச்சரக்கா." "தெரியும். கழுவாத. கோவத்தோட கழுவினா அது கழுவினதுல சேத்தி இல்ல" என்றாள் லோவிசாள், கட்டுரையில் பிழை திருத்துகிற அதே குரலில். டீச்சரக்கா என்று தன் வாய் சொன்னது எப்சிபாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. மாமா எஸ்தெல் மொழிபெயர்ப்பு யாரையும் கேட்கவில்லை. ரெண்டு பேருக்கும் நடுவில் தரையில், கழுவின தன் காலை நீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள், பேசினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. யாரோ அவசரமாகப் பாட்டு ஆரம்பித்தார்கள். பாட்டோடு அப்பத் தட்டு வந்தது. லோவிசாள் முன்னால் வந்தபோது அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ஆராதனை ரெண்டாகிறதுக்கு முன்னால் அவள் பந்தியை விட்டு எப்சிபா பார்த்ததேயில்லை. தட்டு அவளைத் தாண்டி எப்சிபாவிடம் வந்தது. சின்னச் சின்னதாக வெட்டின வெள்ளைத் துண்டுகள், ஒன்றை எடுத்தால் பாதி வாய்க்கு, பாதி முடிச்சுக்கு. கை எழுந்தது. மடியிலேயே திரும்பி விழுந்தது. தட்டு போயிற்று, அடுத்த வரிசைக்கு, அதற்கடுத்த வரிசைக்கு, காலைக்காரர்களும் சாயந்தரக்காரர்களும் மாறி மாறி எடுக்க. ஜன்னலுக்கு வெளியே ஆமோஸ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தான். எப்சிபா காலியான முந்தானை முடிச்சை அவிழ்த்து, உதறி, வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். பேசினில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது, அடியில் காங்கோக்காரியின் காலிலிருந்து வந்த பாலாற்றுப் புழுதியோடு.